லைட்டு எரியுது

ஐந்து விரலையும் குவித்து, விரித்து, குவித்து...
எதிரே வருகிறவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல நேரமில்லை.
ஆல்பேட்டை செக்போஸ்டில் ஒரு கை.
பெண்ணையாற்றுப் பாலத்தில், பால்கேனுக்கு மேலாக ஒரு கை.
ரெட்டிச்சாவடியில், புருஷன் முதுகுக்குப் பின்னாலிருந்து
வளையல் போட்ட கை.
காலை ஏழேகால். வெயில் ஏறியாயிற்று.
என் புது ஸ்கூட்டரின் நெற்றியில்
யாருக்கும் வேண்டாத ஒரு வெளிச்சம்.

அணைக்க முடியாதுங்க,
பதினேழுக்கு அப்புறம் வந்த வண்டிக்கு
சுவிட்சே கிடையாதுங்க
என்று ஹெல்மெட்டுக்குள் சொல்லிக்கொண்டு போவேன்.
சொல்லி முடிப்பதற்குள்
அவர் கடலூரை நெருங்கியிருப்பார், நான் பாண்டியை.

முள்ளோடை தாண்டினால்
பெட்ரோல் விலை மாறும், பாட்டில் விலை மாறும்,
நம்பர் பிளேட்டில் எழுத்து மாறும்.
இந்தச் சட்டம் மட்டும் எல்லையில் இறங்காமல்
கூடவே வரும்:
இன்ஜின் ஓடும்வரை விளக்கு எரியும்.

ஒரு மாதம் எண்ணிப் பார்த்தேன்.
மூடாக்கு நாளில் நாலு. நல்ல வெயிலில் முப்பது.
எதிர்வீட்டு டீச்சர் என்னிடம் பேசுவதை நிறுத்தி
ஒன்றரை வருஷமாகிறது.
பேர் தெரியாத முப்பது பேருக்கு
என் பேட்டரி மேல் அக்கறை.

பிறகு அந்த நீலச் சட்டை.
தவளக்குப்பத்தில் எதிரே வந்தவன்
வளைத்துத் திருப்பிப் பின்னால் வந்தான்.
நான் அறுபதுக்குப் போனால் அறுபது,
முப்பதுக்கு இறங்கினால் முப்பது.
நோணாங்குப்பம் பாலத்தில் காற்று துப்பட்டாவை இழுத்தது;
அவன்தான் இழுக்கிறான் என்று கழுத்து சொன்னது.
முருங்கப்பாக்கம் சிக்னலில் சிவப்பு.
பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியைத் தூக்கி,
மூச்சு வாங்கச் சொன்னான்:
"யக்கா, லைட்டு எரியுது."

அன்று சாயங்காலமே
அரியாங்குப்பம் சவரிமுத்துவிடம் விட்டேன்.
"தப்புதான், போலீஸ் பிடிச்சா என்னைச் சொல்லாதீங்க" என்றார்.
"நூத்தி எம்பது" என்றார்.
கைப்பிடிக்குக் கீழே
சீத்தாப்பழ விதை மாதிரி கறுப்பாய் ஒரு சுவிட்ச்.

மறுநாள் ஒரு கையும் எழவில்லை.
எல்லோரும் என்னைத் தாண்டிச் சாலையைப் பார்த்தார்கள்.
நிம்மதி என்று நினைத்தேன்.
கிருமாம்பாக்கம் வரைக்கும்
நிம்மதி மாதிரியேதான் இருந்தது.

என் வேலையைச் சொல்லவில்லை.
எக்ஸ்ரே எடுக்கிறவள்.
முழங்காலுக்குக் கீழே இரண்டாய்ப் போனவர்கள்
பலகையில் படுத்துக்கொண்டு சொல்வதும்,
இடித்தவர்கள் வெளியே பெஞ்சில்
சாவியை உருட்டிக்கொண்டு சொல்வதும்
ஒரே வாக்கியம்:
"வந்ததே தெரியல மேடம்."
பன்னிரண்டு வருஷமாகக் கேட்கிறேன்.
கேட்டுவிட்டுத்தான் நூற்று எண்பது கொடுத்தேன்.

டிப்பரை முந்திக்கொண்டு
என் பாதிச் சாலைக்குள் வந்தது பஸ்.
நான் மண்ணில் இறங்கினேன்,
இறங்கினேன் என்பது மரியாதைக்கு.
முழங்கை தோல் போனது, டிபன் டப்பா
சாம்பாரோடு உருண்டு வாய்க்காலுக்குப் போனது.
படியில் தொங்கிய கண்டக்டர்
தலையில் கைவைத்துக் கத்தினார்:
"லைட்டப் போட்டுட்டு வரமாட்டியாம்மா?"
மணி ஏழு ஐம்பது.
வானத்தில் ஒரு துணுக்கு மேகமில்லை.
உட்கார்ந்த இடத்திலேயே சிரித்தேன்.
டிப்பர்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

சுவிட்ச் இன்னும் இருக்கிறது.
எரிகிற பக்கம் தள்ளி
மேலே ஆஸ்பத்திரி பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறேன்.

கைகள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துவிட்டன.
கார்களே இப்போது
பகலில் வெள்ளைப் புருவம் தீட்டிக்கொண்டு வருகின்றன.
யார் யாருக்குச் சொல்வது?

போன வெள்ளிக்கிழமை கன்னியக்கோயிலில் ஒரே ஒரு கை.
பழைய டிவிஎஸ் ஃபிஃப்டி, பின்னால் மீன்பெட்டி,
ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தவர்
குவித்து, விரித்து, குவித்தார்.
நானும் இடது கையைத் தூக்கி
அப்படியே செய்தேன்.
சட்டென்று அவர் குனிந்து
தன் வண்டியின் முகத்தைப் பார்த்தது
கண்ணாடியில் தெரிந்தது.
அங்கே விளக்கே இல்லை.
இரண்டு வயர், ஒரு குழி.